ஆஸ்துமாவா இல்லையா என்றே தெரியவில்லை, இன்ஹேலரை நிறுத்திவிடலாமா டாக்டர்?

32 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டு வருடமாக அவருக்கு வறட்டு இருமல் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் அது அதிகமாகி, விடியற்காலை மூன்று மணி வாக்கில் இருமி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. சில நாட்களில் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கிறது. இதுவரை நான்கு மருத்துவர்களைப் பார்த்துவிட்டார். ஒருவர் 'அலர்ஜி இருமல்' என்றார். அடுத்தவர் 'வீசிங்' என்றார். மூன்றாமவர் 'ஆஸ்துமா மாதிரி இருக்கிறது' என்று இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். நான்காமவர் 'ஒன்றுமில்லை, டென்ஷன்' என்று அனுப்பிவிட்டார். இடையில் மூன்று முறை ஆன்டிபயாடிக், பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து, மாதக்கணக்கில் அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை. எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்தும் நார்மல்.

கொடுத்த இன்ஹேலர்களில் ஒன்று நீல நிறத்தில் உள்ள சால்பூட்டமால். மற்றது புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்தது. இரண்டாவதைப் பத்து நாள் எடுத்துப் பார்த்து, 'தொண்டையில் கசப்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்திவிட்டார். நீலத்தை மட்டும் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்குகிறார். கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: ஒற்றைத் தலைவலிக்காக ஏறக்குறைய ஒரு வருடமாகத் தினமும் ப்ரோப்ரனோலால் மாத்திரை சாப்பிடுகிறார். அப்புறம், கணவனும் மனைவியும் குழந்தைக்குத் தயாராகிறார்கள். 'கர்ப்பத்துக்கு முன்னால் இன்ஹேலரை விட்டுவிடு, பழகிவிட்டால் விடவே முடியாது' என்று மாமியார் சொல்கிறார்.

அவர் கேட்பது இவைதான்: இது ஆஸ்துமாவா? எக்ஸ்ரேயில் தெரியாததால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா? இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா? கர்ப்பத்துக்கு முன் நிறுத்த வேண்டுமா?

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு பேர் நான்கு பெயர் சொன்னால் யாருக்கும் குழப்பம்தான் வரும். அதிலும் இரவு மூன்று மணிக்கு மூச்சுக்குத் திணறி எழுந்து உட்காரும் ஒருவரை 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதற்றத்தால் மூச்சு வாங்குவது உண்டு. ஆனால் தூங்குகிறவரை விடியற்காலையில் இருமி எழுப்புவது பெரும்பாலும் மூச்சுக்குழாயின் வேலை. நீங்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை.

உங்களை நேரில் பார்க்காமல், நெஞ்சில் ஸ்டெத்தை வைக்காமல், 'இது ஆஸ்துமாதான்' என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. விட்டு விட்டு வருவது, இரவில் கூடுவது, விசில் சத்தம், நீல இன்ஹேலருக்கு உடனே அடங்குவது எல்லாமே ஆஸ்துமாவில் பார்ப்பவை. இருந்தாலும் அடையாளம் வேறு, உறுதி வேறு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட உங்களை ஒரு குழாயில் ஊதச் சொன்னதாக அதில் இல்லை. நான் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

மூச்சை அளந்துவிட்டுப் பெயர் வைக்கட்டும்

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சில நேரம் சுருங்குகின்றன, சில நேரம் விரிந்துகொள்கின்றன. எக்ஸ்ரே அதைக் காட்டாது. நிறுத்தி வைத்த வண்டியின் போட்டோவைப் பார்த்து அது என்ன வேகத்தில் ஓடும் என்று சொல்ல முடியுமா? ஆஸ்துமா உள்ள பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும். அதற்காக எக்ஸ்ரே வீண் என்று அர்த்தமில்லை. நிமோனியா, காசநோய், கட்டி போன்றவற்றை ஒதுக்க அது வேண்டும். உங்களுக்கு அந்த வேலை முடிந்துவிட்டது. இந்த நிலையில் சி.டி. ஸ்கேனும் பெரிதாக எதையும் சொல்லப்போவதில்லை. குழந்தைக்குத் திட்டமிடும் நேரத்தில் தேவையில்லாத கதிர்வீச்சு எதற்கு? மூச்சுச் சோதனைகளில் விடை கிடைக்காவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

உங்களுக்கு வேண்டியது ஸ்பைரோமெட்ரி. சில இடங்களில் பி.எஃப்.டி. என்பார்கள். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். குழாயை உதடுகளால் இறுக்கிப் பிடித்து, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக வெளியே ஊத வேண்டும். 'ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்' என்று பக்கத்தில் நிற்பவர் கத்திக்கொண்டே இருப்பார். பயப்பட வேண்டாம், கடைசிச் சொட்டுக் காற்றும் வெளியே வர வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சத்தம். குறைந்தது மூன்று முறை நன்றாக ஊதியாக வேண்டும். பிறகு நீல மருந்தைக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள்.

முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் அதில் முக்கியமான எண். மருந்துக்குப் பிறகு அது 200 மில்லிக்கு மேலும், அதோடு 12 சதவீதத்துக்கு மேலும் கூடினால், சுருங்கிய குழாய் விரிகிறது என்று பொருள். உதாரணத்துக்கு, முன்பு 2.10 லிட்டர், பின்பு 2.45 லிட்டர் என்றால் கூடியது 350 மில்லி, அதாவது கிட்டத்தட்ட 17 சதவீதம். உங்களைப் போன்ற அறிகுறிகளோடு இந்த எண்ணும் சேர்ந்தால் ஆஸ்துமாவுக்கு அது நல்ல சான்று. சோதனைக்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து நீல இன்ஹேலரைத் தவிர்த்தால்தான் முடிவு சரியாக வரும். மூச்சு முட்டினால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சோதனை நார்மலாக வந்தால்? நல்ல நாளில் ஊதினால் ஆஸ்துமாக்காரருக்கும் நார்மலாக வரலாம். இங்கேதான் பலர் 'ஒன்றுமில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். அப்போது மூச்சு வெளியே வரும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாயை வாங்கி, காலையும் மாலையும் வீட்டிலேயே ஊதி, இரண்டு வாரம் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை மட்டும் குறியுங்கள். காலையில் 280, மாலையில் 350 என்று வந்தால் வித்தியாசம் 70. அதை அன்றைய சராசரியான 315-ஆல் வகுத்தால் 22 சதவீதம். இரண்டு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரியவர்களுக்கு அது அதிகம். அதிலும் தெளியவில்லை என்றால் மெத்தகோலின் கொடுத்து, மூச்சுக்குழாய் எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்று பார்க்கும் சோதனை பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

'மருந்தை ஆரம்பித்துவிட்டு அப்புறம் சோதனை செய்துகொள்ளலாமே' என்று சிலர் சொல்வார்கள். மருந்து வேலை செய்த பிறகு ஊதினால் எல்லாம் நார்மலாகத் தெரியும், நோய் இருந்ததா இல்லையா என்ற சந்தேகம் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். ஆகவே சில நாட்களில் சோதனை கிடைக்கும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டாம். நீங்கள் இரவில் எழுந்து உட்காருகிற நிலையில் இருக்கிறீர்கள், சிகிச்சைதான் முதல்.

எட்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு வேறு காரணங்களும் உண்டு. மூக்கிலிருந்து தொண்டைக்குள் சளி வடிவது, வயிற்றின் அமிலம் மேலே எதுக்களிப்பது, ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் ஆகியவை முக்கியமானவை. இவற்றையும் மருத்துவர் கேட்க வேண்டும். காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் எக்ஸ்ரே நார்மல் என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். நீங்கள் சாப்பிட்ட மூன்று ஆன்டிபயாடிக்கின் பெயர்களையும் சொல்லுங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த அந்த மாத்திரை

இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே பெரிய வரி.

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள், அதாவது மருந்து போய் ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. அவற்றைத் தூண்டினால் தசை தளர்ந்து குழாய் விரியும். உங்கள் நீல இன்ஹேலர் செய்வது அதைத்தான். ப்ரோப்ரனோலால் நேர் எதிர். இதயத்தில் உள்ள ஏற்பிகளோடு நுரையீரலில் உள்ளவற்றையும் சேர்த்து அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். அதோடு, நீல மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தையே மறித்துக்கொள்வதால் ஆபத்து நேரத்தில் அந்த மருந்தும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இருமல் கூடியது கடந்த ஒரு வருடத்தில் என்கிறீர்கள், மாத்திரை ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்துமா சந்தேகம் இருக்கும் ஒருவருக்கு இந்த மாத்திரை பொருந்தாது என்பதைச் சொல்லத் தயக்கமில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தலைவலிக்குப் பார்த்தவருக்கு உங்கள் இருமல் தெரியாது, இருமலுக்குப் பார்த்தவர்களுக்கு உங்கள் தலைவலி தெரியாது. நடுவில் எல்லா மருந்தும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நாளைக் காலையே அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தினமும் சாப்பிட்டுவந்த ப்ரோப்ரனோலாலைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு வரும், ரத்த அழுத்தம் ஏறும். இந்த வாரமே கொடுத்த மருத்துவரிடம் போய், 'எனக்கு வீசிங் இருக்கிறது, ஆஸ்துமா என்று சந்தேகப்படுகிறார்கள்' என்று சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது எப்படி என்று அவர் சொல்வார். மாற்று மருந்து பற்றிப் பேசும்போது குழந்தைக்குத் திட்டமிடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தரும் வால்ப்ரோயேட், டோபிராமேட் இரண்டும் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. ஒரு சிக்கலிலிருந்து தப்பி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தலைவலிக்கு அவ்வப்போது வலி மாத்திரையும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை கடுமையான மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்தில் மூக்கு ஒழுகி, நெஞ்சு இறுகியது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். உண்டு என்றால் அவற்றைத் தொடாதீர்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இரண்டு இன்ஹேலரில் எதை விட வேண்டும்?

நீங்கள் நிறுத்தியது நிறுத்தக் கூடாததை. விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது குறைக்க வேண்டியதை. இது உங்கள் தவறு இல்லை. நீலம் இரண்டே நிமிடத்தில் நிம்மதி தருகிறது, மற்றது தருவதாகத் தெரியவில்லை. யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள்.

ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சி, அதாவது வீக்கம். நீல மருந்து தசையைத் தளர்த்துமே தவிர அந்த வீக்கத்தைத் தொடாது. உள்ளே வீக்கம் கூடிக்கொண்டே போகும், மேலே நிம்மதியாக இருப்பது போலவும் தோன்றும். அதனால்தான் நீல மருந்தை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் சொல்கிறது. 200 பஃப் கொண்ட நீல இன்ஹேலர் வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. உங்கள் கணக்குப்படி வருடத்துக்கு எட்டு. எனக்குக் கவலை தருவது இந்த எண்தான்.

புடெசோனைடு ஒரு ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். அளவைப் பாருங்கள். ஒரு பஃப்பில் பொதுவாக 200 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவு. ஆஸ்துமா தாக்கி மருத்துவமனைக்குப் போனால் தரும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள்தான், வீரியத்தை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இன்ஹேலர் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதுமாக இருக்கிறது. இன்ஹேலருக்குப் பயந்து அதை விட்டவர்கள்தான் கடைசியில் அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போய், எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை என்று அவதிப்படுவதைப் பார்க்கிறேன்.

'பழக்கமாகிவிடுமா?' ஆகாது. போதைப் பொருள் போல உடல் அதைக் கேட்டு ஏங்குவதில்லை. நிறுத்தினால் அறிகுறி திரும்புவது நோய் இன்னும் இருப்பதால். நன்றாகக் கட்டுப்பட்ட பிறகு, பொதுவாக மூன்று மாதம் நிலையாக இருந்தால், அளவைக் குறைத்துக்கொண்டே வரலாம். பத்து நாள் போதாது. வீக்கம் நன்றாக வடிய வாரங்கள் ஆகும்.

அப்புறம் அந்தக் கசப்பு. அது ஒரு துப்பு. மருந்து நெஞ்சுக்குப் போகாமல் நாக்கிலும் தொண்டையிலும் படிந்தால் கசப்பு தெரியும். நீங்கள் சொல்லும் அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக உள்ளிழுக்க ஆரம்பித்த அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் இழுத்துக்கொண்டே போய், பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அழுத்திவிட்டு இழுக்கிறார்கள், அல்லது வெடுக்கென்று இழுக்கிறார்கள். ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்திக்கொண்டால் இந்தச் சிரமம் பாதி தீர்ந்துவிடும். பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், தொண்டை கட்டுவதும் வாயில் வெள்ளை படிவதும் குறையும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னாலேயே எடுத்துக் காட்டுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை இது.

நீங்கள் நிறுத்திய அந்த இன்ஹேலருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஃபார்மோடெரால் வேகமாக வேலை செய்யும் என்பதால், அதையே தினமும் எடுத்து, மூச்சு முட்டும்போதும் எடுக்கும் முறை இருக்கிறது. நிவாரணம் தேடும் ஒவ்வொரு முறையும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ளே போய்விடும். நீலத்துக்கு அடிக்கடி கை போகும் உங்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். அளவையும், நாளுக்கு அதிகபட்சம் எத்தனை பஃப் என்பதையும் மருத்துவர் எழுதித் தரட்டும்.

மான்டெலுகாஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. சிலருக்கு அது கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவற்றைக் கொண்டுவரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ. 2020-இல் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைச் சேர்த்தது. 'டென்ஷன்' என்று சொல்லப்பட்ட உங்களுக்கு அந்த மாத்திரைக்குப் பிறகு தூக்கமோ மனநிலையோ மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பூத்தாலும், நீல மருந்து எடுத்தும் அடங்காவிட்டாலும், அடங்கி நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். போகும் வழியில் நீல மருந்தை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக நான்கு பஃப், 20 நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடி நான்கு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல எண் காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஆஸ்துமாவில் அந்த எண் கடைசியில்தான் இறங்கும். அங்கே போனதும் ப்ரோப்ரனோலால் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள்.

குழந்தை, இன்ஹேலர், மாமியாரின் கவலை

உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கர்ப்பத்தில் எந்த மருந்தும் வேண்டாம் என்று நினைப்பது பெரியவர்களின் இயல்பான அக்கறை. ஆனால் இந்த விஷயத்தில் அது தலைகீழாகப் போய்விடுகிறது. குழந்தைக்கு ஆக்சிஜன் கிடைப்பது உங்கள் மூச்சின் வழியாகத்தான். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா, கர்ப்ப கால ரத்த அழுத்தம், குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுகளில் கர்ப்பிணிகளிடம் அதிகம் பயன்படுத்திப் பார்க்கப்பட்ட ஒன்று நீங்கள் நிறுத்திய அதே புடெசோனைடு. கர்ப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா கூடும், மூன்றில் ஒருவருக்குக் குறையும், மற்றவர்களுக்கு மாறாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால்தான் கையில் மருந்து இருக்க வேண்டும் என்கிறேன்.

என்னைக் கேட்டால், இரவில் இருமி எழாமல், நீல இன்ஹேலர் அநேகமாகத் தேவைப்படாமல் ஒரு மூன்று மாதம் போகட்டும். அதற்குள் தலைவலி மாத்திரை விவகாரமும் தீர்ந்துவிடும். பிறகு நிம்மதியாகக் குழந்தைக்கு முயலுங்கள். அதற்கு முன்பே கருத்தரித்துவிட்டாலும் பதற வேண்டாம். இன்ஹேலரை நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்பைரோமெட்ரிக்குப் போகும்போது கணவரையும் கூட்டிச் செல்லுங்கள், முடிந்தால் மாமியாரையும். நீங்கள் சொன்னால் ஏற்காததை மருத்துவர் சொன்னால் ஏற்பார்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் 'நார்மல்' என்ற வாய்வார்த்தையோடு திரும்பாமல், எண்களும் வரைபடமும் உள்ள அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் அறிக்கை, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பிரதி கைக்கு வந்ததும், மருந்துக்கு முன்பும் பின்பும் வந்த எண்களை எனக்கு எழுதுங்கள்.